பழையபடி அண்ணனும் போகாத மைனஸும்

சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னை அழவைத்தவர்கள் பலர். அவர்களுக்கெல்லாம் தலைவர் பழையபடி அண்ணன்.

எண்பதுகளில், தஞ்சோங் பகாரில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தின் மூத்த புரோகிராமர் அவர். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், பலனில்லை என்றால் பழையபடி வைத்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. பெயரும் அதனால் வந்ததுதான். அவருடைய தோ பாயோ வீட்டில் ஃபேன் நின்றபோது ஃபியூஸை மாற்றினார், சுற்றவில்லை. பழைய ஃபியூஸையே மாட்டிவிட்டு சுவிட்சை மாற்றினார், அப்போதும் சுற்றவில்லை. பழைய சுவிட்சும் திரும்பி வந்தது. இரண்டுமே கெட்டிருக்கலாமே என்று அண்ணி கேட்டதற்கு, "ஒரே நேரத்துல ரெண்டு கெடாதுலா" என்றுவிட்டார். குடும்பமே செய்தித்தாளால் விசிறிக்கொண்டு தூங்கியது.

அவரிடம்தான் நான் புதிதாகச் சேர்ந்தேன். கிடங்குப் பெட்டிகளின் எண்ணைப் படிக்கும், சி மொழியில் எழுதிய புரோகிராம் என் பொறுப்பு. மேனேஜர் முன்னால் அது சரியாக ஓடினால்தான் என் வேலை நிரந்தரம். 40000 என்று தட்டினேன். திரையில் -25536 வந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் சாதாரண எண்ணுக்கான இடம் 32767க்கு மேல் தாங்காது. அதைத் தாண்டினால் மைனஸில் போய் நிற்கும்; பெரிய எண்ணுக்கு 'லாங்' என்ற அகலமான இடம் வேண்டும்.

"அண்ணே, நம்பரைப் படிக்கிற இடம், வைக்கிற இடம், காட்டுற இடம், மூணையும் 'லாங்'னு மாத்தணும்" என்றேன்.

"ஒண்ணொண்ணாம்மா."

வைக்கும் இடத்தை மாற்றினார். -25536. பழையபடி வைத்தார். படிக்கும் இடத்தை மாற்றினார். அதே -25536. அதையும் பழையபடி வைத்தார். காட்டும் இடத்தை மாற்றியபோது வாயில் நுழையாத ஏதோ ஓர் எண் வந்தது.

"பாத்தியா, தப்பு இங்க இல்ல. நீ தட்டுறதுதான் சரியில்ல."

பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் மீ கோரெங் சாப்பிடப் போன நேரத்தில் மூன்றையும் சேர்த்து மாற்றினேன். 40000 வந்தது. திரையைக் கும்பிடாத குறைதான்.

திரும்பி வந்தவர் முகம் சுருங்கியது. "மூணையும் ஒரேடியாவா? அப்ப எது சரி பண்ணுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"அண்ணே, மேனேஜர் வர்ற நேரம். கை வைக்காதீங்க."

"ஒரு நிமிஷம்லா" என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினார். அப்போதுதான் கதவு திறந்தது.

மேனேஜர் 40000 தட்டினார். -25536.

"பெட்டிக்கு மைனஸ் நம்பரா?" என்று என்னைப் பார்த்தார். வேலை போனது என்றே நினைத்தேன்.

பழையபடி அண்ணன் எழுந்து நின்றார். "இவ அப்பவே சரி பண்ணிட்டா சார். நான்தான் கெடுத்தேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்து, மூன்றையும் ஒன்றாக மாற்றினார். 40000 வந்தது. என் வேலையும் நிரந்தரமானது.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, யாரும் கேட்காதபடி சொன்னார்: "வீட்டுல ஃபேன் சுத்துதும்மா."

அவரிடம் இன்னொரு தடவை மாட்டிக்கொள்ளச் சொன்னால், திட்டிக்கொண்டே போய் வேலைக்குச் சேர்ந்துவிடுவேன்.