சூசையப்பர் தாடையில் வெளிச்சம்

"தொட்டியில குழந்தையே இல்லியே. அப்புறம் வெளிச்சம் எங்கேர்ந்துங்க வருது?" என்றாள் கேத்தரின்.

சவரிராஜ் வராந்தாவில் இருந்த குடிலைப் பார்த்தான். தீவனத் தொட்டியில் வைக்கோல் மட்டும் கிடந்தது. குழந்தை இயேசுவை இருபத்துநாலாம் தேதி நள்ளிரவில்தான் வைப்பார்கள். இன்று இருபத்திரண்டு. குடில் போட்டிக்கு மார்க் போட பியாட்ரிஸ் டீச்சர் ஆறு மணிக்கு வருகிறார்.

நாலங்குலச் சுரூபங்களுக்கு, குழந்தையிடமிருந்து ஒளி வீசுவதுபோல, அவன் இரண்டு மாதம் வர்ணத்தாலேயே வெளிச்சம் தீட்டியிருந்தான். தொட்டியில் மெழுகுவத்தி ஏற்றி, ஒளி விழும் இடத்தைப் பார்த்துப் பார்த்து, சூசையப்பர் தாடைக்கு அடியில், மாதாவின் உள்ளங்கையில், மாட்டின் மூக்கில் மஞ்சள். முதுகெல்லாம் கருநீலம். பல்பே கிடையாது. எதிர்வீட்டு டோரீன் தொண்ணூற்றிரண்டிலிருந்து சீரியல் பல்பு போட்டே முதல் பரிசு வாங்குகிறாள். இந்த வருஷமாவது அவளை ஜெயிக்க வேண்டும்.

"குழந்தைய இன்னிக்கே வெச்சிடலாம்."

"பொறக்கறதுக்கு முன்னாடியா? டோரீன் நேரா ஃபாதர்கிட்ட போய் நிப்பா."

வைக்கோலுக்குள் சின்ன பல்பு ஒன்றை ஒளித்தான். மஞ்சள் மேல் மஞ்சள் விழுந்தது.

"எல்லாருக்கும் மஞ்சக்காமாலை வந்துட்டுது."

பல்பைப் பிடுங்கிவிட்டுக் கூரையில் லாந்தர் தொங்கவிட்டான்.

"இப்ப சூசையப்பர் தாடியில சாம்பார் கொட்டின மாதிரி இருக்கு."

"சும்னே இருடி!"

லாந்தரையும் கழற்றினான். ஐந்தே முக்காலுக்கு வழி பிறந்தது. மாடு உட்பட எல்லாரையும் தொட்டிக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

"என்னத்தப் பாக்கறாங்க?"

"நட்சத்திரத்த. அதோட வெளிச்சம்தான் இது."

"நட்சத்திரம் தாடைக்குக் கீழயா இருக்கும்?"

"டீச்சர் அவ்வளவு குனிஞ்சு பாக்க மாட்டாங்க."

டீச்சர் வந்தார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"இத்தன வருஷத்துல இப்படி ஒரு வெளிச்சத்த நான் பாத்ததே இல்ல."

கேத்தரின் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

மாடு பார்த்த திசையில் டீச்சரும் பார்த்தார். பிறகு கேட்டருகே போய்க் குரல் கொடுத்தார்.

"டோரீன், இங்க வந்து பாரும்மா! உன் சீரியல் பல்பு வெளிச்சம் எதிர்வீட்டு சூசையப்பர் தாடை வரைக்கும் வந்து விழுது. இந்த வருஷமும் நீதான் ஃபர்ஸ்ட்!"