பிரமிளாவின் வலது கால்

பிரமிளா பிரேக்கைத்தான் மிதித்தாள். கார்தான் முன்னால் பாய்ந்தது.

பாய்ந்த வேகத்தில் எதிர்வீட்டு மாரியம்மாவின் ரோஜாத் தொட்டிகளை வரிசையாகச் சாய்த்துவிட்டு, கடைசித் தொட்டியின் மேல் ஏறி நின்றது.

"பிரேக் போடு! பிரேக் போடு!" பக்கத்து இருக்கையில் கணவன் கனகராஜ் கத்திக்கொண்டிருந்தான். கார் நின்ற பிறகும் கத்தினான்.

"போட்டேங்க!"

"போட்டா நிக்கும்லா! நீ எண்ணெய் பெடல மிதிச்சிட்டு பிரேக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்க." ஆக்சிலரேட்டருக்கு அவர்கள் ஊரில் எண்ணெய் என்றுதான் பெயர்.

மாரியம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். கனகராஜ் இறங்கி, ஈப்போவின் ஜெலாப்பாங் பகுதி முழுக்கக் கேட்கிற குரலில், "மன்னிச்சிருங்கக்கா. பொம்பளைங்க கையில காடியக் கொடுத்தா இப்படித்தான்" என்றான்.

பிரமிளாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதல் தடவையிலேயே லைசன்ஸ் டெஸ்ட்டில் பாஸ் பண்ணியவள் அவள். இந்தக் காரைத் தேடிப் பிடித்தவனே கனகராஜ்தான். செகண்ட் ஹேண்ட் கார். ஆனால் அவன் பேச்சு மட்டும் ஷோரூம் பேச்சு. கீழே கிடந்த கார்ப்பெட்டின் மேலேயே இன்னொரு கார்ப்பெட், அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு என்று போர்த்தி வைத்திருந்தான். அவள் ஓட்டினால் பக்கத்தில் அவன் இருந்தே ஆகவேண்டும். அது அவன் போட்ட சட்டம்.

இப்போது என்றில்லை, போன வாரமும் கேட்டில் இப்படித்தான் மோதியது. இப்படியே போனால் வேலைதான் கெடும். பல வருடம் கிளார்க்காக மாரடித்தவளுக்கு, கோப்பெங் கிளையில் சூப்பர்வைசர் பதவி வந்திருக்கிறது. அதிகாலை ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் ஓட்ட முடியுமா முடியாதா என்று திங்கட்கிழமை மேனேஜருக்குச் சொல்லியாக வேண்டும். முடியாது என்றால் வேறு ஆள் தயார்.

"காடியில ஏதோ கோளாறு இருக்கு. போமன்கிட்ட காட்டுவோம்" என்றாள்.

கார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் போமன் அப்பாவு, பானெட்டைத் திறந்து பார்த்தார். தனியாக ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். பிரேக்கைப் போட்டார், எடுத்தார், போட்டார். கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

"காடி தங்கம்ணே. அக்காவ செருப்பக் கழட்டிட்டு ஓட்டச் சொல்லுங்க. வெறுங்கால்ல மிதிச்சா எது எதுன்னு தெரியும்."

பிரமிளா செருப்பைக் கழற்றினாள். கனகராஜ் பக்கத்தில் ஏறினான். கார் பட்டறை வாசலை நெருங்கியபோது எதிரே ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது.

"பிரேக்!"

பிரமிளா மிதித்தாள். கார் உறுமிக்கொண்டு பாய்ந்து, அப்பாவு அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குள் மூக்கை நுழைத்தது. டயர்கள் உருண்டு ரோட்டுக்குப் போயின. மோட்டார்சைக்கிள்காரன் மலாயில் என்னென்னவோ சொன்னான். எல்லாம் பிரமிளாவுக்குப் புரிந்தது.

"வெறுங்கால்லயும் தப்பா மிதிக்கிறாளே" என்று கனகராஜ் தலையில் அடித்துக்கொண்டான்.

"நான் பிரேக்கதான் மிதிச்சேன்!"

"அக்கா," அப்பாவு டயரைத் துரத்தியபடியே சொன்னார், "எல்லாரும் இதத்தான்கா சொல்வாங்க."

வீடு திரும்பும்போது கனகராஜ் ஓட்டினான். அவள் பக்கத்தில் இருந்தால் தனக்குக் கவனம் சிதறுமாம். அவளைப் பின்னால் உட்காரச் சொன்னான். அந்தப் பாழாய்ப்போன கார் பூனைக்குட்டி மாதிரிப் போனது. பிரமிளாவுக்கு அதை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்தது கோயில். காருக்குக் கண்பட்டிருக்கிறது என்று மாரியம்மாதான் சொன்னாள். ரோஜாத் தொட்டி போன கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை; இருந்தாலும் அடுத்த தொட்டிகளைக் காப்பாற்ற வேண்டுமே.

பூசாரி பத்துமலை சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, "மெதுவா ஏத்தி நிப்பாட்டுங்கம்மா" என்றார்.

பிரமிளா மெதுவாகத்தான் ஏற்றினாள். பழங்கள் நசுங்கின.

"போதும்! பிரேக்! பிரேக்!" பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனகராஜின் கால் காரின் தரையைத் தட்டியது. கார் எலுமிச்சம்பழத்தோடு நிற்காமல் அர்ச்சனைக் கடைக்குள்ளும் போனது. பத்துமலை கற்பூரத் தட்டோடு தாண்டிக் குதித்தார். அந்த வயதில் அவர் அவ்வளவு உயரம் குதிப்பார் என்று யாருமே நினைக்கவில்லை.

"தோஷம் காடியில இல்லம்மா," அவர் மூச்சு வாங்கினார். "ஓட்டறவங்க ராசியில இருக்கு."

ஆக, புருஷன் சொல்லியாயிற்று, போமன் சொல்லியாயிற்று, இப்போது சாமி தரப்பிலும் சொல்லியாயிற்று. மறுநாள் அலுவலகத்தில் பிரமிளா மேஜைக்கு அடியில் குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே இந்தக் கால்தானா? தான் மிதித்தது எது என்று தனக்கே தெரியாத அளவுக்கு மந்தமாகிவிட்டோமா? அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று இன்னும் கோபம் வந்தது.

"என்னைத் தனியா ஓட்ட விடுங்க, ஒரே ஒரு தடவ" என்று வீட்டில் கேட்டாள்.

"நான் பக்கத்துல இருக்கும்போதே இந்தக் கூத்து. தனியா விட்டா ஈப்போவையே இடிச்சித் தள்ளிருவ."

கடைசியில் ஒரு ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை கோப்பெங் வரை அவள் ஓட்டுவது. வழியில் ஒரு தடவை பாய்ந்தாலும் சாவி அவனுக்கு. வேலை வேண்டாம் என்று அவளே மேனேஜருக்குப் போன் போட வேண்டும்.

கனகராஜ் முழுத் தயாரிப்போடு வந்தான். தொழிற்சாலைக்குப் போட்டுப் போகும் இரும்பு முனைச் சப்பாத்து காலில். "மோதினா என் காலாச்சும் தப்பிக்கட்டும்." அவள் காலைக் கண்காணிக்க வசதியாகத் தன் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். முட்டி டேஷ்போர்டில் இடித்தது.

ஆனால் பாதி வழியில் சிம்பாங் பூலாய் வருவதற்குள் தூங்கிப்போனான்.

பிரமிளா ஓட்டினாள். சிக்னலில் நிறுத்தினாள், நின்றது. லோரிக்கு வழிவிட்டாள், கார் பதவிசாக ஒதுங்கியது. குறட்டைச் சத்தத்துக்கு நடுவே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். மேனேஜரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகையே பார்த்துவிட்டாள்.

கோப்பெங்கில் முகமது இப்ராஹிம் சாப்பாட்டுக் கடை வாசலில் மெல்லத் திருப்பினாள். குலுக்கலில் கனகராஜ் விழித்தான். எதிரே அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கண்டான்.

"ஏய்! பிரேக்! பிரேக்!"

கார் இதுவரை இல்லாத வெறியோடு பாய்ந்தது. நாற்காலிகள் நாலா பக்கமும் பறந்தன. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு எழுந்து ஓடினார்கள். நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை.

பிரமிளா கியரைப் பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். இருந்த பதற்றத்தில் எஞ்சினை அணைக்க மறந்துவிட்டாள். கனகராஜ் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, உட்கார்ந்தபடியே ஊருக்கெல்லாம் கேட்கக் கத்தினான்.

"போதும்! சாவி இனிமே எங்கிட்ட! மேனேஜருக்கு இப்பவே போன் போடு! நீ ஜென்மத்துக்கும் ஓட்டக் கூடாது!" ஒவ்வொரு வார்த்தைக்கும் சப்பாத்துக் காலால் ஓங்கி ஓங்கி மிதித்தான்.

எஞ்சின் ஊளையிட்டது.

எல்லாரும் ஆளில்லாத டிரைவர் இருக்கையைப் பார்த்தார்கள்.

"பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க!" பிரமிளா கத்தினாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. "என் ரெண்டு காலும் இங்க இருக்கு! யோவ், இப்ப யாருய்யா எண்ணெய மிதிக்கிறா?"

"எனக்கு என்னடி தெரியும்? பேய்க் காடி! யாராச்சும் பிரேக்க மிதிங்க!" கனகராஜ் இரண்டு காலாலும் மிதித்தான். எஞ்சின் இன்னும் பெரிதாக அலறியது.

முகமது இப்ராஹிமின் மகள் அமீரா தட்டைக் கல்லாவில் வைத்துவிட்டு வந்தாள். நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். பிறகு திறந்திருந்த கதவுப் பக்கம் குனிந்து, கனகராஜின் காலடியைப் பார்த்தாள்.

"அண்ணே, நான் ஓட்டக் கத்துக்கிட்ட டிரைவிங் ஸ்கூல் காடி இது, சொல்லிக்குடுக்கறவரு பக்கத்துலயும் ஒரு எண்ணெய் பெடல் இருக்கும், மொதல்ல அதுமேல இருந்து காலை எடுங்க."