றோமர் கிளாசும் இருபத்தொரு புகழும்

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த சனிக்கிழமை, கனடாவின் விட்பி நகர் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். எனக்குச் சுகர் ஏறியபிறகு மனைவி ரோகிணி போட்ட சட்டம்: சனிக்கிழமை பின்னேரம் ஒரேயொரு கிளாஸ் வைன். ஆனால் கிளாஸ் எவ்வளவு பெரிசு என்று அவ சொல்லவில்லையே!

பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி ஸ்டெபனி பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் அதுக்கேற்ற கிளாஸ் கிடைத்தது. பச்சைத் தண்டு. மேலே குடம்போல வயிறு. அரைப் போத்தல் கொள்ளும்.

"உதென்ன, பூச்சாடியே?" ரோகிணி கேட்டா.

"றோமர். ஜெர்மன்காரற்றை பழைய வைன் கிளாஸ்."

"ரோமமோ? அதுதான் தண்டெல்லாம் முள்ளு முள்ளாய் நிக்குது."

"அது கை வழுக்காமல் இருக்க ஒட்டின கண்ணாடிப் பொட்டு. றோமர் எண்டால் றோமாபுரிக்காரன். சரித்திரம், ரோகிணி!"

கிளாஸின் வயிற்றையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தா. நேரே ஸ்டெபனி வீட்டுக்குப் போனா. பத்து நிமிசத்தில் திரும்பிவந்து றோமரில் வைன் வாத்தா.

"ஸ்டெபனி இன்னொரு கதையும் சொல்லுறா. டச்சுப் பாசையிலை புகழுறதுக்கு உள்ள சொல்லிலை இருந்து அந்தப் பேர் வந்திருக்கலாமாம். அப்ப முறைப்படி குடியுங்கோ. ஒவ்வொரு மிடறுக்கும் வாத்தவளைப் புகழ வேணும். சொன்னதைத் திருப்பிச் சொல்லப்படாது."

பூ! இதென்ன பெரிய காரியம்?

"உம்மடை கணவாய்க் கறிக்கு ஈடில்லை." ஒரு மிடறு.

"ஸ்னோவிலையும் நல்லாய்க் கார் ஓடுவீர்." இரண்டு.

"உம்மடை... கையெழுத்து வடிவு." மூன்று.

நாலாவதுக்கு வாய் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. இருபத்தாறு வருசம் கூட வாழ்ந்த மனுசி!

அவ கிளாஸை எடுத்துக்கொண்டு போனா. முகம் வாடியிருந்தது. வைன் போனதைவிட அதுதான் எனக்குச் சுட்டது.

மிடறுக்கு ஒரு புகழ் என்பது ரோகிணியின் சொந்தச் சரக்கு என்று ஸ்டெபனி பிறகு சொல்லிச் சிரித்தா. ஆனாலும் அந்தக் கிழமை முழுக்க வேலைக்குப் போகும் ரெயினில் இருந்து அவவின் புகழை எழுதினேன். எழுத எழுத வந்தது. எனக்கு வேலை போன வருசம் ஒருத்தருக்கும் சொல்லாமல் அவ இரண்டு வேலை செய்தது. ஆஸ்பத்திரியில் என் அம்மாவுக்குத் தலை சீவி இழுத்துவிட்டது. ஒருத்தரும் சிரிக்காத என் பகிடிக்குச் சிரித்தது. மொத்தம் இருபத்தொன்று.

சனிக்கிழமை. றோமர் நிறைய வைன்.

"முதல் எல்லாத்தையும் வாசிக்கிறன். பிறகு ஒரேயடியாய்க் குடிக்கிறன்" என்றேன்.

வாசித்தேன். அவ கண்ணைத் துடைத்தா.

"இப்பிடி ஒரு மனுசனை லேசிலை விட்டிடுவனே? நீங்கள் எனக்குக் கனகாலம் வேணும்."

வைனைத் தானே ரசித்துக் குடித்து முடித்தா. கிளாஸைக் கழுவி, விளிம்பு வரைக்கும் பாகற்காய்ச் சாறு வாத்துத் தந்தா.