எட்டாவது அடியில் ஊதல்

நாலு பேரைச் சேர்த்து ஊரில் ஒரு காரியம் நடத்துகிறவர்களில் ஒரு ரகம் உண்டு: எதையும் முடிக்கவிடாதவர். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். அதுதான் தொல்லையே.

எங்கள் தீவின் லாமி ஊர் சாம்பா மேளக்குழுவின் தலைவர் ஜிதேந்திராவைப் பாருங்கள். கப்பல் ஆபீஸ் குமாஸ்தா. பிரேசில் தேசத்துத் தாளத்தை வீடியோவில் பார்த்து மயங்கி, தெருத்தெருவாக அலைந்து ஆள் பிடித்து, மேளங்களைத் தானே சுமந்து வந்து, வியர்வையைத் துடைத்து, கழுத்தில் ஊதலை மாட்டிக்கொண்டு "ஆரம்பிங்க" என்பார். ஆரம்பிப்போம். எட்டு அடிதான். பீய்ங்!

"ரோக்கோ, ரோக்கோ! நிறுத்துங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

அந்த 'ஆனா' கால் மணி நேரம் ஓடும். மணிக்கட்டு எப்படி வளைய வேண்டும், அடிக்கும்போது எத்தனை பல் தெரியச் சிரிக்க வேண்டும், எல்லாம் வரும். பிறகு மறுபடி முதலிலிருந்து. மறுபடி பீய்ங்! ஒன்பதாவது அடி எப்படி இருக்கும் என்று ஏழு மாதமாக யாராவது கண்டோமா?

பெரிய மேளம் அடிக்கும் தையல்கார ஹலீமா அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"சனிக்கிழமை நவுசோரி டவுன்ல நம்ம ஊர்வலம் பாக்க என் தங்கச்சி வட்டுகோலாலேர்ந்து பஸ் ஏறி வர்றா, தம்பி. அவ முன்னாடியாச்சும் முழுசா அடிக்கணும். இல்லேன்னா நான் இனிமே வரமாட்டேன்."

"சத்தியமா ஊதமாட்டேன் அக்கா."

சொன்ன சொல் தவறாதவர். ஊர்வலத்தன்று ஊதலைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிவிட்டார். கை காட்டினார். அடித்தோம். ஒன்று, இரண்டு... எட்டு. சந்தை வாசலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், பதினாறு பேரும் கச்சிதமாக நின்றுவிட்டோம்! பழக்கம் ஐயா, பழக்கம். யாரும் ஊதவில்லை, ஆனாலும் திட்டு வாங்குவதற்காக எல்லோரும் அவர் முகத்தையே பார்க்கிறோம்.

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் அக்காவின் தங்கை வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஹலீமா அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு போடு போட்டார் பாருங்கள்! தாளமா அது? என்னவோ ஒன்று. நாங்களும் விழுந்தடித்துக்கொண்டு பின்னாலேயே அடித்தோம். அவ்வளவு தப்பு, அவ்வளவு சந்தோஷம்! தங்கை கைகொட்டி ஆட, கூட்டம் ஆட, ரேவா ஆற்றுப் பாலம் வரை நிற்கவேயில்லை. அங்கே அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜிதேந்திராவுக்கும் கண் கலங்கியிருந்தது.

"பிரமாதம் அக்கா! ஆனா..."

"அதை வீட்டுல போயி சொல்லுங்க தம்பி" என்று அக்கா மேளத்தில் இன்னொரு போடு போட்டார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நேற்று உங்கள் வீட்டு அடுப்படியில் ஒருவர் வாய்விட்டுப் பாட ஆரம்பித்தாரே, பாட்டை முடிக்கவிட்டீர்களா?