சோத்துக் கைப் பக்கம் திரும்பு

எனக்கு நடனம் தெரியாது. இதை இப்போது சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. சொல்ல வேண்டிய அன்று, சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் "வரும்மா" என்று தலையாட்டிவிட்டேன்.

குற்றம் முழுக்க என்னுடையது அல்ல. பாதி, 'அபிநயம்' என்ற சொல்லுடையது. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு 'அபிநயப் பாட்டு' என்று ஒன்று உண்டு. மழை என்றால் விரல்களை ஆட்டுவது, யானை என்றால் கையைத் தும்பிக்கையாகத் தொங்கவிடுவது. அதில் நான் கெட்டிக்காரி. சாந்தோம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணான எனக்கு, அரை மைல் தள்ளி மயிலாப்பூர்க் குளத்தங்கரைக்குப் போனால் அதே சொல்லுக்கு வேறு பொருள் என்பது தெரியாது. தலைமையாசிரியை மங்களம் அம்மாள் "ரெஜினா, நோக்கு அபிநயம் வருமோ?" என்று கேட்டபோது நான் யானையை நினைத்துக்கொண்டேன். அவர் சலங்கையை நினைத்துக்கொண்டார். ஆண்டு விழா நடனம் என் தலையில் வந்து விழுந்தது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகி, பிறகு ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. ஊரை விட்டுப் போன ஒரு டீச்சரின் இடத்தில்தான் நான் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தேன்.

"எட்டுக் கொழந்தேள், அஞ்சு நிமிஷம், அவ்ளோதான்" என்றார் மங்களம் அம்மாள். "நம்ம பள்ளிக்கூட மானேஜர்தான் விழாவுக்குத் தலைமை. அவர் மெச்சினார்னா ஒன் எடம் ஸ்திரம். இல்லேன்னா நான் ஒண்ணும் பண்றதுக்கில்லே."

இடம் ஸ்திரமாகாவிட்டால் தூத்துக்குடியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அப்பாவின் தீர்மானம். அண்ணனுக்கு ஏழு பிள்ளைகள். எட்டாவது பிரசவத்துக்கு ஆள் வேண்டுமாம். ஆக, நான் ஆடவைக்கப் போகும் எட்டுக் குழந்தைகளுக்கும், தூத்துக்குடியில் காத்திருந்த எட்டுக் குழந்தைகளுக்கும் நடுவில் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார்.

"டான்ஸா? நீயா? கிறிஸ்மஸ் நாடகத்துல சம்மனசு வேஷம் போட்டு, றெக்கையோட சும்மா நிக்கச் சொன்னதுக்கே குடில் மேல விழுந்தியே."

(விழுந்தது உண்மை. றெக்கை பெரிது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.)

அன்றிலிருந்து தெருவில் போகிறவர்களை எல்லாம் முறைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு நடனம் தெரியாதே தவிர, மனிதர்கள் நடப்பது தெரியும். குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது ஒரு வளைவு. புடவையை உதறும்போது ஒரு வீச்சு. பூக்காரி கூடையை இறக்கும்போது முழங்கால் மடிகிற விதம். பார்க்கப் பார்க்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது. இத்தனை நாளும் இதெல்லாம் என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்ததா என்று நினைத்துக்கொண்டே நடந்ததில் இரண்டு முறை சைக்கிளில் மோதிக்கொண்டேன்.

கடைசியில் நாலே நாலு அசைவுகள் வைத்தேன். நட, குனி, பூப்பறி, சுற்று. பூப்பறிக்கப் போகிற பெண்கள் என்று தமிழ்ப் பண்டிதர் எட்டு வரியில் பாட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு பேர். ஒரு வரிசைக்கு முன்னால் ராஜம். இன்னொன்றுக்குத் தனம்.

தனத்துக்கு எட்டு வயது. அப்பா ஜட்கா வண்டி ஓட்டுபவர். குதிரை அவள் வீட்டு வாசலிலேயே கட்டியிருக்கும். அதனாலோ என்னவோ, தாளம் அவள் காலிலேயே இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிச் சொல்வேன். அவளுக்கு எண்ணத் தேவையில்லை. முதல் வாரம் எட்டுப் பேரும் எட்டுத் திசையில் மிதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாரம் ஒரு நாள், எப்படியென்று தெரியவில்லை, எட்டுப் பேரின் பாதமும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தது. தொம் என்று ஒரே சத்தம். எனக்குக் கை ரோமமெல்லாம் நின்றுவிட்டது. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தை நான்தான் உண்டாக்கினேன் என்று நம்புகிற அளவுக்கு அன்று எனக்கு மண்டைக்கனம் ஏறியது.

நான் சொல்லிக்கொடுத்த முறை ரொம்ப எளிது. அவர்கள் எதிரே நின்று நான் ஆடுவேன், அவர்கள் என்னைப் பார்த்துச் செய்வார்கள். நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கண்ணாடியில் தெரிவதுபோல் அதே பக்கம் சாய்வார்கள். வலது, இடது என்ற பேச்சே வரவில்லை. மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு முன்னால் நின்று விழாவன்றும் இப்படியே ஒப்பேற்றிவிடலாம் என்றிருந்தேன்.

விழாவன்று மாலை நாலு மணி. பள்ளி முற்றத்தில் பெஞ்சுகளை அடுக்கி மேடை போட்டிருந்தோம். மங்களம் அம்மாள் வந்து நான் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"என்னடி இது, மானேஜர் மூஞ்சிக்கு நேரா நின்னுண்டு? அவர் உன் முதுகைப் பாக்கவா வரார்? உள்ளே போ. படுதாவுக்குப் பின்னாலே நின்னுக்கோ."

ஏசு மரி சூசையே! என் முகம் தெரியாவிட்டால் பிள்ளைகளுக்குத் திக்கும் தெரியாது, திசையும் தெரியாது. அவசரமாக எட்டுப் பேரையும் படுதாவுக்குப் பின்னால் இழுத்து உட்கார வைத்தேன்.

"வலது கை எது, காட்டுங்க."

பதினொரு கைகள் உயர்ந்தன. (எண்ணினேன். மூன்று பேர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் தூக்கியிருந்தார்கள்.)

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. "வலது, இடது எல்லாம் மறந்துடுங்க. நான் உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். சோத்துக் கைன்னு சொன்னா, சோறு சாப்பிடற கை. அந்தக் கையால பூப்பறிச்சு, அந்தப் பக்கமே திரும்பணும். சரியா?"

"சரி டீச்சர்" என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பாட்டு தொடங்கியது. நடந்தார்கள், குனிந்தார்கள், தொம் என்று அந்தச் சத்தம் வந்தது. முன்வரிசையில் மானேஜர் நிமிர்ந்து உட்கார்வது படுதா இடுக்கில் தெரிந்தது. அடுத்தது பூப்பறிக்க வேண்டும். "சோத்துக் கை" என்று குரல் கொடுத்தேன்.

ராஜம் வரிசை வலது கையைத் தூக்கியது. தனம் இடது கையைத் தூக்கினாள். அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் இடது கையைத் தூக்கினார்கள்.

"சோத்துக் கை" என்றேன், இன்னும் சத்தமாக. தனம் இடது கையை இன்னும் உயரமாகத் தூக்கினாள். அடுத்த வரி சுற்ற வேண்டிய வரி. எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே வட்டமாகச் சுற்ற வேண்டும். நாலு பேர் இப்படிப் போனார்கள், நாலு பேர் அப்படிப் போனார்கள். நான் படுதாவைப் பிடித்துக்கொண்டு "சோத்துக் கை, சோத்துக் கை" என்று கத்தினேன். முற்றம் முழுக்கக் கேட்டிருக்கும்.

மானேஜர் மங்களம் அம்மாள் பக்கம் சாய்ந்து, "சாப்பாட்டுக்குக் கூப்பிடறாளா?" என்று கேட்டாராம். அரிசி கிடைக்காத வருடம். பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

மேடையின் பின்பக்கத்தில் இரண்டு வரிசையும் நேருக்கு நேர் வந்தன. தனமும் ராஜமும் நெற்றியோடு நெற்றி மோதினார்கள். அவர்கள் இடுப்பிலிருந்த பூக்கூடைகள் கவிழ்ந்து அரளிப்பூ சிதறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனதுக்குள் தூத்துக்குடி ரயில் கிளம்பிவிட்டது.

தொம் என்று சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். தனம் ராஜத்தின் நெற்றியை ஒரு கையால் தேய்த்துவிட்டு, தாளம் தப்பாமல் ஓர் அடி ஒதுங்கி அவளுக்கு வழி விட்டாள். அடுத்து வந்தவளை மறுபக்கமாகத் தாண்டினாள். அதற்கடுத்தவளை இந்தப் பக்கமாக. அவள் பின்னால் வந்த மூன்று பேரும் அப்படியே செய்தார்கள். எட்டுப் பிள்ளைகளும் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று சடை பின்னுவதுபோல் பின்னிக்கொண்டு போனார்கள். எதிரே வருகிறவளைப் பார்த்ததும் ஒவ்வொருத்திக்கும் சிரிப்பு வந்தது. காலடியில் பூ. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இத்தனை அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் செய்ய நினைத்ததைவிட ஆயிரம் மடங்கு பெரிதாக ஏதோ என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அதில் என் பங்கு கத்தியது மட்டும்தான்.

கைதட்டல் ஓய்வதற்குள் மானேஜரும் மங்களம் அம்மாளும் படுதாவுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள்.

"அந்தப் பின்னல் பிரமாதம்மா" என்றார் மானேஜர். "நீங்களே யோசிச்சுப் போட்டதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை கையில். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தனம் வந்து என் முன்னால் நின்றாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"நா தப்பு பண்ணிட்டனா டீச்சர்? நீதான சோத்துக் கைன்னு சொன்ன. நா இந்தக் கைலதான் சோறு துன்றேன். நைனாகூட அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு உட்டுட்டாரு."

பலகையில் வலது கையால் எழுத நாங்கள் அவளைப் பழக்கியிருந்தோம். மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருபவள். எந்தக் கையால் சாப்பிடுகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒளித்து வைத்த அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தப்பு என்னுதும்மா" என்றேன். மானேஜரிடம் திரும்பி, "சார், அந்தப் பின்னல் நான் போட்டதில்லை. இவ போட்டது. எனக்கு டான்ஸே தெரியாது" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், யானை உட்பட.

மானேஜர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து தனத்திடம், "எங்கே, அந்தக் கையைக் குடு" என்றார். அவள் தயங்கித் தயங்கி நீட்டினாள். அந்த இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு வாரம் கழித்து என் நியமன உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். மங்களம் அம்மாள் தம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'நடனம் நீங்கலாக எல்லாப் பாடங்களும் கற்பிக்க.' மறு வருடத்திலிருந்து அடிகளைத் தனம் போட்டாள். நான் பெஞ்சு தூக்கினேன்.

அப்பா அந்த உத்தரவை எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். சில வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டதற்கும் அதையே வாசித்தார். அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் சாமியார், இவளை மனைவியாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று கேட்டார். "சம்மதம்" என்று உரக்கச் சொன்ன என் கணவர், "நடனம் நீங்கலாக" என்று அடிக்குரலில் சேர்த்தார். சாமியாருக்குக் கேட்டதோ இல்லையோ, முன்வரிசையில் பாவாடை தாவணியில் உட்கார்ந்திருந்த தனத்துக்குக் கேட்டுவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் கோயிலே திரும்பிப் பார்த்தது.