தண்ணீர் குடிக்காத மானும் பூட்டு வாங்கிய கீரியும்

ஒரு காட்டில், குளம் தளும்பத் தளும்பத் தண்ணீர் கிடக்க, பூவாத்தா என்ற மான் கரையில் நின்றுகொண்டு குடிக்கவே மாட்டேன் என்றாள். உச்சி வெயில். வயிற்றில் குட்டி. உடம்பெல்லாம் காய்ச்சல். உதடு வெடித்துப்போயிருந்தது.

"ஒரு வாயாவது குடிங்கக்கா," என்றான் சுருளி. சுருளி ஒரு கீரி.

"வேண்டாம் தம்பி."

"தண்ணி நல்லாத்தானே இருக்கு?"

"தண்ணிக்கு என்ன கேடு? அது நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

பூவாத்தா வேறு பக்கம் பார்த்தாள்.

சுருளியின் கையில் தொடுதிரை டேப் ஒன்று இருந்தது. 'காட்டுப் பெண்களின் உடல்நலத்தைப் பாதிக்கும் சமூகக் காரணிகள் ஆய்வு மையம்' என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. அதில் அவனுக்குத் தற்காலிக வேலை. மையத்துக்குப் பெயர்தான் நீளம். வேலை சின்னதுதான். கேட்கணும், டேப்பில் தட்டணும், அடுத்த வீட்டுக்குப் போகணும். ஒழுங்காகத் தட்டினால் வேலை நிரந்தரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

மையம் வந்ததிலிருந்து அந்தக் காட்டில் பெண்களுக்கெல்லாம் ஒரே வியாதி. நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல். மான், மயில், பன்றி, மந்தி என்று வித்தியாசமே கிடையாது. ஆண்களில் ஒருத்தனுக்கும் அது இல்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லையாம். அதனால்தான் இந்த ஆராய்ச்சி.

டேப்பில் கேள்வி வந்தது. பகலில் நீங்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் என்ன? கீழே தேர்வுசெய்ய நாலு கட்டம். தாகம் இல்லை. மறதி. விழிப்புணர்வு இல்லை. மற்றவை.

"அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே தாகம் எடுக்காது சார்," என்றான் கொம்பையன். பூவாத்தாவின் புருஷன். கேள்வி அவளுக்குத்தான். ஆனால் குடும்பத் தலைவர் பக்கத்தில் இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேலை சீக்கிரம் முடியும்.

"சின்ன வயசுல என்னை எங்க பார்த்தாரு இவரு?" என்றாள் பூவாத்தா. "கல்யாணத்தன்னைக்குத்தான் என் மூஞ்சியையே பார்த்தாரு."

"எங்கம்மாவும் இப்படித்தான் சார்," என்றான் கொம்பையன், அவள் பேசியதே காதில் விழாத மாதிரி. "எங்க வீட்டுப் பொம்பளைங்க பொழுது சாயிற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படவிட மாட்டாங்க. அப்படி ஒரு கட்டுப்பாடு. ஒரு நிமிஷம் இருங்க சார்."

பக்கத்து மரத்தடிக்குப் போனான். திரும்பி நின்றான். சலசலவென்று சத்தம் வந்தது. பேச்சை நிறுத்தக்கூட இல்லை. அங்கிருந்தபடியே, "எல்லாம் விழிப்புணர்வு பத்தாததுதான் சார்," என்றான். அப்படியே டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

பூவாத்தா அந்த மரத்தைப் பார்த்தாள். பிறகு சுருளியைப் பார்த்தாள்.

"பார்த்தியா?"

"எதைக்கா?"

"இதைத்தான். குடிச்சா ஒதுங்கணும்ல. நான் எங்கே போய் ஒதுங்கறது?"

சுருளிக்குக் காது சிவந்துபோயிற்று. இத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கிறான், ஒரு பெண்ணும் அவனிடம் இதைச் சொன்னதில்லை. கேட்கப் போனவர்கள் எல்லாரும் ஆண்கள். எவளாவது சொல்வாளா? பூவாத்தாவுக்குக் காய்ச்சல். வெட்கப்படத் தெம்பு இல்லை.

"இவ்வளவு பெரிய காடு..." என்று இழுத்தான்.

"பெரிய காடுதான். மறைவா ஒரு இடம் காட்டு பார்ப்போம். அந்தப் பக்கம் டீக்கடை, கரடிங்க நாள் பூராவும் உட்கார்ந்திருக்கு. இந்தப் பக்கம் ஆலமரம், மேல குரங்குப் பசங்க செல்போனை வச்சுக்கிட்டு. அதோ அந்த வேம்புல என்ன இருக்கு? உங்க ஆபீஸ் கேமரா. நாங்க எத்தனை தடவை குளத்துக்கு வர்றோம்னு படம் எடுக்குதாம்."

"ராத்திரியில போகலாமே?"

"போறோமே. அப்ப சிறுத்தை வருது. போன மாசம் என் ஓரகத்தி போனா, திரும்பி வரலை. அதுக்கு உன் டேப்புல கட்டம் இருக்கா?"

இல்லை.

"முன்னெல்லாம் எங்கே போவீங்க?"

"தாழம்புதர் இருந்துச்சு. உள்ளே நுழைஞ்சுட்டா வெளியே ஒரு வால் தெரியாது. காட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் அங்கதான் போவோம்."

"அது இப்ப எங்கே?"

பூவாத்தா முகவாயால் காட்டினாள். சுருளி திரும்பிப் பார்த்தான். அவனுடைய ஆபீஸ் நின்றுகொண்டிருந்தது.

அவன் 'மற்றவை' என்ற கட்டத்தைத் தட்டினான். டேப் திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வெறுத்துப்போய் 'தாகம் இல்லை' என்று தட்டினான். டேப் உடனே குஷியாகி அடுத்த கேள்வியைக் காட்டியது. உங்கள் மாமியார் உங்களை அன்பாக நடத்துகிறாரா?

சாயங்காலம் இயக்குநரிடம் போய் விஷயத்தைச் சொன்னான். இயக்குநர் ஒரு நாரை. பல காடுகளில் படித்தவர். ஒற்றைக் காலில் நின்று கேட்டுக்கொண்டார்.

"சுருளி, நம்ம ஆய்வு எதைப் பற்றி?"

"சமூகக் காரணி பத்தி சார்."

"கக்கூஸ் சமூகக் காரணியா?"

"அவங்க ஒதுங்குற இடத்துலதான் சார் நாம கட்டடம் கட்டியிருக்கோம்."

"அது கட்டடப் பிரிவு. நாம ஆராய்ச்சிப் பிரிவு."

"நம்ம ஆபீஸ் பாத்ரூம் சும்மாத்தானே கிடக்கு. அதைத் திறந்து விட்டா..."

பாத்ரூம் நிஜமாகவே சும்மாத்தான் கிடந்தது. வெள்ளை டைல்ஸ், எப்போதும் தண்ணீர், கதவில் 'அலுவலர்களுக்கு மட்டும்' என்று பலகை. அலுவலர்கள் அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் மரத்தடி. இயக்குநர் குளத்தில் நின்றபடியே முடித்துக்கொள்வார், பழக்கதோஷம்.

"முட்டாள்," என்றார் நாரை. "ஆய்வு நடக்கும்போது அவங்களுக்கு நாம எதையும் செய்யக் கூடாது. செஞ்சா அவங்க உடம்பு மாறிடும். உடம்பு மாறினா முடிவு கெட்டுடும். உனக்கு நிரந்தர வேலை வேணுமா, வேண்டாமா?"

வேணும் என்றான் சுருளி. பொய் சொல்லவில்லை. நிஜமாகவே வேண்டியிருந்தது.

மறுநாள் நாரை வேறொரு காட்டுக்குப் பறந்துபோனார். 'பெண்களும் தாகமும்' என்று அங்கே கருத்தரங்கு. பலாப்பழ விருந்தும் உண்டாம். இங்கே, ஆய்வுக்காக ரத்தம் கொடுக்க வந்த பூவாத்தா ஆபீஸ் வாசலிலேயே சுருண்டு விழுந்தாள். மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பினான் சுருளி. மருத்துவச்சி ஓர் ஆமை. அவள் வந்து சேருவதற்குள் போகிற உயிர் போய்விடும். நல்லவேளை, போகவில்லை.

ஆமை வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"நீர் அடைச்சு உடம்பெல்லாம் விஷம் ஏறிக்கிட்டிருக்கு. நான் கொடுக்கிற மருந்தோட குடம் குடமா தண்ணி குடிக்கணும். இப்பவே. இல்லேன்னா குட்டி தங்காது, சொல்லிட்டேன்."

சுருளி குடத்தைக் கொண்டுவந்து வைத்தான். பூவாத்தா மருந்தை முழுங்கினாள். குடத்தைத் தொடவில்லை.

"இருட்டட்டும் தம்பி. குடிக்கிறேன்."

"குட்டி செத்துடும்கா!"

"எனக்குத் தெரியாதா? நீ எனக்குச் சொல்றியா?" கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை. உடம்பில் இருந்தால்தானே வர.

சுருளிக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து போனான், சாவியை எடுத்தான், பாத்ரூம் கதவை மல்லாக்கத் திறந்துபோட்டான்.

"குடிங்க. எப்ப வேணா போங்க. உள்ளே தாழ்ப்பாள் இருக்கு. நான் வாசல்ல நிக்கிறேன், ஒரு பய வரமாட்டான்."

பூவாத்தா கதவைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பிறகு குடத்துக்குள் தலையை விட்டாள். குடம் காலியான பிறகுதான் தலை வெளியே வந்தது.

செய்தி எப்படிப் போனதோ, மறுநாள் காலையில் வாசலில் வரிசை. மயில் வந்தாள், பன்றி பிள்ளைகளோடு வந்தாள், மந்தி கல்லைப் போட்டு இடம் பிடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

"யக்கா, கல்லைத் தள்ளாதீங்க, நான் முன்னாடியே வந்துட்டேன்."

"கல்லுக்கு ஒண்ணுக்கு வருதா? தள்ளுடி."

"மயிலு, உள்ளே போய் ஆடிட்டிருக்கியா என்ன? சீக்கிரம் வா!"

முள்ளம்பன்றியை மட்டும் யாரும் முட்டித் தள்ளவில்லை.

கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் குறைந்தது. கடுப்பு போயிற்று. பெண்கள் குளத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள். கரடிகளுக்கு அது பிடிக்கவில்லை. பூவாத்தாவின் வயிற்றுக்குள் குட்டி உதைத்தது. "இந்தா, பாரு," என்று அவள் சுருளியை வலுவில் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்தான்.

அப்போதுதான் நாரை திரும்பி வந்தார். கேமராவைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ் சுருளி! நோயாளிங்க எல்லாம் எங்கேய்யா?"

"நல்லாயிட்டாங்க சார்."

"நாசமாப் போச்சு! நாளைக்குக் கூழைக்கடா ஐயா வர்றாரு. இந்த ஆய்வுக்கு நிதி கொடுக்கிறவரு. வந்து எதைப் பார்ப்பாரு? சிரிச்சுக்கிட்டுத் தண்ணி குடிக்கிற பொம்பளைங்களையா? அஞ்சு வருஷம் நடக்க வேண்டிய ஆராய்ச்சிய்யா இது! அஞ்சே நாள்ல கெடுத்துட்டியே!"

"திரும்ப வியாதி வரணுமா சார்?"

"நான் அப்படிச் சொல்லலை. பாத்ரூமைப் பூட்டுன்னுதான் சொல்றேன். மத்தது தானா நடக்கும்." புதுப் பூட்டு ஒன்றை வாங்கிவரச் சொன்னார். "பூட்டிட்டுச் சாவியை என் மேஜையில வை. அதுக்குப் பக்கத்துல உன் நிரந்தர வேலை உத்தரவு இருக்கும். எடுத்துக்கோ."

சுருளி கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கினான். நல்ல கனமான பூட்டு. கதவுக்கு வந்தான். தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது.

"ஆள் இருக்கு," என்றது பூவாத்தாவின் குரல்.

ஆள் இருக்கும்போது பூட்ட முடியுமா? காத்திருந்தான். பூவாத்தா வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள். அவன் கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். நேராகக் குளத்துக்குப் போய், அவனைப் பார்த்துக்கொண்டே குடிக்க ஆரம்பித்தாள். அதற்குள் மயில் உள்ளே போயிருந்தாள். மயிலுக்குப் பின்னால் பன்றி. பன்றிக்குப் பின்னால் மந்தியின் கல்.

"பூட்டிட்டியாய்யா?" என்று உள்ளேயிருந்து கத்தினார் நாரை.

"ஆள் இருக்கு சார்!"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கத்தினார்.

"இன்னும் ஆள் இருக்கு சார்!"

மேஜை மேல் உத்தரவு காற்றில் படபடத்தது. சுருளி கையில் பூட்டோடு வாசலிலேயே நின்றான். பூட்டச் சொன்னார்கள். பூட்டவில்லை.

நீதி: ஒரு நோயை நீண்ட காலம் ஆராய விரும்புகிறவர், முதலில் கதவைப் பூட்ட வேண்டும், பிறகுதான் கேள்வி கேட்க வேண்டும்.