கட்டின கைதான் அவிழ்க்கணும்

கனவு காண்கிறவர்கள் நர்ஸ் வேலைக்கு வரக் கூடாது. வந்து தொலைத்தாலும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா ஆவடியில் தொழிற்சாலை ஃபிட்டர். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம் (எங்கள் பக்கம் சர்ச்சைத்தான் கோயில் என்போம், இந்த விவரம் பின்னால் நடந்த கூத்துக்கு முக்கியம்). நான் நர்ஸிங் இரண்டாம் வருஷம். பாடத்தில் மோசமில்லை. ஆனால் மழை பெய்தால் போச்சு. வெளியே தூற ஆரம்பித்ததும் என் மூளைக்குள்ளும் தூற ஆரம்பித்துவிடும். டியூட்டர் மேடம் எலும்புகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார்; நானோ வெள்ளை உடையில், கையில் விளக்கோடு, ஏதோ நீளமான வராந்தாவில் நடந்துகொண்டிருப்பேன். இரண்டு பக்கமும் நோயாளிகள் என்னைப் பார்த்துக் கண்கலங்குவார்கள். "எங்க இருக்கே நீ?" என்று மேடம் கேட்கும்போது அந்த வராந்தாவின் பாதியில் இருப்பேன்.

அந்த ஐப்பசியில் ஏரிகளெல்லாம் நிரம்பி, கூவமும் கரை மீறியது. திருவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆற்றோரத்து ஜனங்களைத் தங்க வைத்திருந்தார்கள். எங்கள் வகுப்பைத் தொண்டுக்கு அனுப்பினார்கள். என்னிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரே ஒரு பொருள்: ரிப்பன் மூட்டை. வருகிறவர்களைப் பரிசோதித்து மணிக்கட்டில் ரிப்பன் கட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், ஆனால் இன்றைக்குள் ஆஸ்பத்திரி. பச்சை என்றால் லேசான கேஸ், முகாமிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட். வயல் எது, வானம் எது என்று தெரியாமல் எங்கும் ஒரே வெள்ளி நிறம். ஒரு வைக்கோல் போர் மெல்ல மிதந்து போனது. அதன் உச்சியில் ஒரு கொக்கு, தனக்கென்று தனிப் படகு பிடித்த மிராசுதார் மாதிரி நின்றிருந்தது. நானும் அதோடு கொஞ்ச தூரம் போனேன். "இறங்குடி!" என்று என் தோழி மல்லிகா தோளைப் பிடித்து உலுக்கினாள். இறங்கினேன். ரிப்பன் மூட்டை இறங்கவில்லை. அது பூந்தமல்லிக்குப் போய்விட்டது.

"ரிப்பன் எங்கே?" என்றார் மேடம்.

"ரெடி ஆகிட்டு இருக்கு மேடம்" என்றேன். (பயத்தில் எனக்கு வரும் தைரியம் வேறு யாருக்கும் வராது.)

நன்கொடைத் துணிக் குவியலில் ஒரு பழைய வேட்டி கிடைத்தது. நீளநீளமாகக் கிழித்தேன். சமையல் கொட்டகையில் மஞ்சள் தூளைக் கேட்டு வாங்கித் தண்ணீரில் கரைத்து, பாதியைத் தோய்த்தேன். சிவப்புக்குப் புண்ணில் தடவும் நம் மெர்குரோகுரோம் இருக்கவே இருக்கிறது. பச்சைக்கு என்ன செய்ய? பள்ளிக்கூட வாசலில் வேப்பமரம் நின்றது. வெள்ளைத் துணியில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகிக் கட்டினால் பச்சை! என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

வேலை ஆரம்பமானது. அதன்பிறகு நடந்ததெல்லாம் என் கனவு அப்படியே மண்ணில் இறங்கியது போல இருந்தது. நான் போய் நின்றதும் பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஆண்கள் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். கண்ணை மூடிக் கையை நீட்டினார்கள். காய்ச்சல் பார்த்து, புண்ணைத் துடைத்து, கட்டுப் போட்டு, கடைசியில் நான் துணியைக் கட்டும்போது சிலர் முணுமுணுவென்று ஏதோ சொன்னார்கள். 'ஆகா, சேவைக்கு இந்த ஜனங்கள் கொடுக்கிற மரியாதையைப் பார்!' என்று என் நெஞ்சு பொங்கியது. வெளியே மெல்லிய தூறல். வகுப்பறைக்குள் ஈரமண் வாசனை, மஞ்சள் வாசனை. தரையில் கால் படாமல் நடந்தேன்.

"எத்தினி நாளு சிஸ்டரு?" என்று ஒரு அம்மா பணிவாகக் கேட்டார்.

அவருக்கு வயிற்றுப்போக்கு. "ஒரு வாரம்" என்றேன்.

"கவுச்சி தொடலாமா?"

"கூடவே கூடாது. கஞ்சி மட்டும்தான்."

அவர் பக்கத்திலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒரு சத்துணவு வகுப்பு இவ்வளவு வெற்றிகரமாக நடந்ததாகச் சரித்திரமே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சரசு வந்தாள். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவள், நிறைமாதம். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ரத்த அழுத்தம் பார்த்ததும் என் கனவெல்லாம் ஒரு நிமிஷம் கலைந்தது. அவ்வளவு ஏறியிருந்தது. கூட இருந்த மாமியார் கன்னியம்மா காதோடு சொன்னார்: "மொத புள்ள ஊட்லியே பொறந்திச்சு சிஸ்டரு. தங்கல. இதுனாச்சும் தங்கணும்." வலி இன்னும் எடுக்கவில்லை. ஆனாலும் இவள் இங்கே இருக்கக் கூடாது. மஞ்சள் துணியை எடுத்து, வகுப்பில் மேடம் பாராட்டிய அதே முடிச்சைப் போட்டேன். எவ்வளவு இழுத்தாலும் நழுவாத முடிச்சு.

சிவப்பு கேஸ்கள் பேசக்கூட முடியாத நிலையில் ஏற்கெனவே ஜீப்பில் போய்விட்டன. மத்தியானம் மஞ்சள் கேஸ்களை ஏற்ற லாரி வந்தது. டிரைவர் இறங்காமலே கத்தினார்: "தரைப்பாலத்து மேல தண்ணி ஏறிகினே கீது மேடம்! இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி போவாது. சட்டுனு ஏத்துங்க!"

யாரும் அசையவில்லை.

"மஞ்சள் கட்டினவங்க எல்லாம் ஏறுங்க" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒரு ஆள் எழவில்லை. சரசுவின் கையைப் பிடித்தேன். கன்னியம்மா குறுக்கே வந்து நின்றார்.

"இன்னா சிஸ்டரு நீயி? காப்பு கட்டிகினு எல்லை தாண்ட சொல்றியே, நாயமா கீதா இது? புள்ளைக்கு ஆவுமா?"

"காப்பா? எந்தக் காப்பு?" எனக்குத் தெரிந்த காப்பு, எங்கள் பெரியம்மா கையில் கிடக்கும் வெள்ளிக் காப்பு ஒன்றுதான்.

மல்லிகா வேப்பம்பட்டுக்காரி, விவசாயக் குடும்பம். பச்சைக் கேஸ்களுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவள் வந்து என் கையிலிருந்த துணிகளைப் பார்த்தாள். மஞ்சள் துணி. வேப்பிலை. மெர்குரோகுரோம் வழிந்து குங்குமம் மாதிரி ஆன என் விரல்கள். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! ஊருக்கே காப்பு கட்டிட்டியேடி! அம்மனுக்கு வேண்டிக்கிட்டு காப்பு கட்டினா திருவிழா முடியற வரைக்கும் ஊர் எல்லை தாண்ட மாட்டாங்க. சாமி குத்தம்!"

"இப்ப ஏது திருவிழா? இது ஐப்பசி" என்றேன் பரிதாபமாக.

"அத்தத்தான் நாங்களும் பேசிகினோம்" என்றார் கன்னியம்மா. "ஆனா ஊரே வெள்ளத்துல கெடக்கசொல்லோ ஆத்தாவுக்கு ஆடி இன்னா, ஐப்பசி இன்னா? ஒரு வாரம்னு நீதான சொன்ன? கவுச்சி வாணாம்னு நீதான சொன்ன?"

சொன்னேன். எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். டியூட்டர் மேடம் என்னைப் பார்த்த பார்வையில் மெர்குரோகுரோம் வெளுத்துவிடும்.

"சரி, கத்தரிக்கோல் எடுத்து வெட்டு" என்றார் மேடம். 'ஹோ' என்று ஒரு சத்தம். கத்தரி படக் கூடாதாம். கட்டின கைதான் அவிழ்க்கணுமாம். அதுவும் கூழ் ஊற்றி, மஞ்சத்தண்ணி தெளித்த பிறகுதான்.

லாரி ஹாரன் அடித்தது. மல்லிகா என்னை ஓரமாக இழுத்தாள். "கூழுக்குப் பதிலா கஞ்சி இருக்கு. மஞ்சத்தண்ணி நீ கரைச்சதே மிச்சம் இருக்கு. திருவிழாவ நடத்திட வேண்டியதுதான்!"

நடத்தினோம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் நான், கையில் வேப்பிலைக் கொத்தோடு மஞ்சத்தண்ணி தெளித்தேன். மேடம் (அவரும் எங்கள் சபைதான்) கஞ்சி ஊற்றினார். திருவிழா முடிந்ததாக மல்லிகா உரக்க அறிவித்தாள். கன்னியம்மா ஒரு குலவை போட்டுவிட்டு, "மொத காப்ப என் மருமவளுக்கு அவு" என்றார்.

அவிழ்த்தால்தானே! மழை ஈரத்தில் துணி ஊறி முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் உடைந்தது. பல்லால் கடித்தேன். வாயெல்லாம் மஞ்சள். நான் படித்த படிப்பில் உருப்படியாகத் தேறியது அந்த ஒரு முடிச்சுதான். அது என்னைக் கழுத்தறுத்தது.

"வலிக்குது சிஸ்டரு" என்றாள் சரசு.

"இதோ, முடிச்சு இளகிடுச்சு."

"முடிச்சு இல்ல. இடுப்பு."

அந்த நிமிஷம் எனக்கு வந்த பயம் மாதிரி அதற்குப் பிறகு எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் வந்ததில்லை. என்னால் இந்தக் குழந்தையும் தங்காமல் போய்விடுமோ என்று மறுபடி முடிச்சைப் பல்லால் கடித்தேன். கர்த்தரையும் கூப்பிட்டேன், ஆத்தாளையும் கூப்பிட்டேன். யார் வந்தார்கள் என்று தெரியாது, முடிச்சு வந்தது. மற்றவர்களுடையதை மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டே அவிழ்த்தாள் (கட்டின கை பட்டால் போதும் என்று அவளே ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தாள்).

மேடமும் ஏறிக்கொள்ள, தரைப்பாலத்தில் லாரி ஆமையாக நகர்ந்தது. சக்கரம் பாதி தண்ணீரில். சரசுவின் தலை என் மடியில். இரண்டு பக்கமும் தண்ணீர் பழுப்பாக, அவசரமில்லாமல், அழகாகப் போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் அதைப் பார்க்கவில்லை. அவள் வயிற்றில் கை வைத்து, வலி வருவதையும் போவதையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரசவ வார்டு வாசலில் நின்றபோது உள்ளே குழந்தை வீரிட்டது. பெண் குழந்தை. நான் அழுதேன். மேடம் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஒருத்தர் கையில எதையாவது கட்டறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?"

"எதுக்குக் கட்டறோம்னு சொல்லணும் மேடம்."

"பாஸ்" என்றார். "வாயைத் துடை. மஞ்சளா இருக்கு."

கதை எனக்கு முன்னால் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும், "காப்பு கட்டலியே? அப்ப போலாம்" என்று ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சிரிக்க வேண்டும். சில வருஷம் கழித்து எனக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. டாக்ஸி வாசலில் நிற்கிறது. அப்பா தன் பழைய துண்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, கைய நீட்டு" என்று கட்டினார். "காப்பு கட்டியாச்சு. கட்டுன கைதான் அவுக்கணும். நான் அவுக்க மாட்டேன்."

அம்மா, தம்பி, டாக்ஸி டிரைவர் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் அப்பா குனிந்து அவிழ்க்க ஆரம்பித்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"முடிச்சு இறுகிட்டுல்லா" என்றார், தலையைத் தூக்காமலே.

இறுகவெல்லாம் இல்லை. முடிச்சுகளைப் பற்றி எனக்குத் தெரியும். குழந்தைகள்கூட இழுத்தால் வந்துவிடும் ஒற்றைச் சுருக்குதான் அவர் போட்டிருந்தது.